இடது பக்கத்துப் பள்ளம்

பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள். அக்காவின் படம் மாட்டிய சுவரை ஒட்டி, ஒற்றை நாற்காலியில் நரேந்திரன். நீள சோபாவில் குமாரசாமி அண்ணனும் அவர் மனைவியும், நடுவில் தூக்கக் கலக்கத்தோடு அவர்களுடைய பேத்தி. ஹீட்டருக்குப் பக்கத்தில், தட்டில் பாதி கடித்த வடையோடு, கல்லறைக் கமிட்டியின் செயலாளர் மிசஸ் கோட்ஸ். கார்ப்பெட்டில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டு நரேந்திரனின் மகள், ஆறு வயது மஹதி. சமையல் மேடையில் சாய்ந்து நின்று யாருக்கு என்ன வேண்டும் என்று பார்த்துக்கொண்டு, அவன் மனைவி பூங்கோதை. கண்ணாடிக் கதவோரம், வெளியே புல்வெளியையும் அதற்கப்பால் குன்றையும் பார்த்தபடி ஒரு பிரம்பு நாற்காலி கிடந்தது. இடம் போதாமல் இருந்தும் அதில் யாரும் உட்காரவில்லை. அது நரேந்திரனின் அக்கா, இறந்துபோன அன்னபாக்கியத்தின் நாற்காலி.

1995, ஜூலை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் அது குளிர்காலம்; பிற்பகலே சாயங்காலம் மாதிரி இருக்கும் மாதம். ஜூஸ் பெட்டி காரில் இருக்கிறது என்று பூங்கோதை சொல்ல, குமாரசாமி அண்ணன் சாவியை வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பையைப் பிரித்துப் பார்த்தபடியே வந்தவர் வாசலில் நின்றுவிட்டார்.

"நரேன், இது உள்ள போகலியா?"

பைக்குள் ஒரு தேங்காய். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, குடுமி எடுக்காத தேங்காய்.

அன்னபாக்கியம் இறந்தது சனிக்கிழமை. சனிக்கிழமை போகிறவர்கள் அதே வீட்டிலிருந்து இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று நம் ஆட்களுக்கு ஒரு பயம் உண்டு. அதனால் பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்புவார்கள்; அதற்கு வழியில்லாத ஊரில் ஒரு தேங்காயை வைப்பார்கள். அடக்கத்தன்று காலையில் நரேந்திரன் இந்தப் பையைச் சவ அடக்கக் கம்பெனியின் ஆளிடம் கொடுத்து, அக்காவின் காலடியில் வைக்கச் சொன்னான். அந்த மனிதர் தலையாட்டினார். பைக்குள் தேங்காயைப் பார்த்தவுடன், ஏதோ கடையில் வாங்கிய சாமான், பத்திரமாக வைக்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். கொண்டுபோய்க் குடும்பத்தின் காரிலேயே வைத்துவிட்டார். சவப்பெட்டியைப் பிறகு யாரும் திறக்கவில்லை. அன்னபாக்கியம் ஒற்றையாகத்தான் குழிக்குள் இறங்கியிருக்கிறாள்.

குமாரசாமி அண்ணனின் மனைவி எழுந்து பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டாள். பாயசம் இருக்கிறது என்று பூங்கோதை சொன்னாள்.

"வேணாம்மா, புள்ள தூங்குது."

பிள்ளை விழித்துத்தான் இருந்தது. வாசலில் அதன் ஒரு காலுக்குச் செருப்பு ஏறாமல் அடம்பிடிக்க, அந்த அம்மாள் மறு செருப்பைக் கையிலேயே எடுத்துக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள்.

"தேங்காதானேலா. நாளைக்கு சட்னி அரைச்சிரு கோதை" என்றான் நரேந்திரன். யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடிக் கதவோரம் பிரம்பு நாற்காலி மெல்ல முனகியது. குளிருக்குப் பிரம்பு அப்படி முனகும்.

மிசஸ் கோட்ஸுக்கு விவரம் வேண்டியிருந்தது. பழைய வழக்கம், பெரிதாக ஒன்றுமில்லை என்று பூங்கோதை கூச்சத்தோடு ஆங்கிலத்தில் விளக்கினாள். கிழவி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். கிழவி மிச்ச வடையைத் தட்டில் வைத்துவிட்டு, கார்ப்பெட்டில் கிடந்த மஹதியைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள். ஏலத்துக்கு வந்த ஆட்டை இடையர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

அன்னபாக்கியம் நரேந்திரனுக்கு வெறும் அக்கா இல்லை. மலேசியாவில், தைப்பிங்கில் அப்பாவும் அம்மாவும் போனபின் தையல் மிஷின் மிதித்து அவனைப் படிக்கவைத்தவள். அதற்காகக் கல்யாணம் வேண்டாம் என்றவள். வேண்டாம் என்று சொன்னதை நாளுக்கு ஒரு தடவையாவது சொல்லிக்காட்டியவள். விசா வந்தபோது அவளும் கூடவே வந்தாள். பிளாட் புஷ்ஷில், பண்ணை நிலத்தைப் பிரித்துக் கட்டிய புதுவீட்டில், கூப்பிட்டால் குரல் எட்டும் தூரத்தில் இன்னொரு வீடு இல்லாத இடத்தில், அவளுக்கு ஒரே ஒரு பயம் மிஞ்சியிருந்தது. தனியாக இருப்பது. நரேந்திரன் மவுண்ட் வெல்லிங்டன் ஃபாக்டரிக்கும் மஹதி பள்ளிக்கூடத்துக்கும் போனபிறகு, பூங்கோதை துணி காயப்போடக்கூட வெளியே போக முடியாது. போனால் அன்னபாக்கியம் தன் விரலில் கிடந்த தடித்த மோதிரத்தால் நாற்காலிக் கையில் ஒரு தட்டு. டொக். ஒன்றே ஒன்று. வருகிறாளா என்று பொறுத்திருந்து, வராவிட்டால் இன்னொன்று. ராத்திரியில் மஹதியைத் தன் இடது பக்கத்தில் படுக்கவைத்து, குழந்தையின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டால்தான் கண் அடையும். மறுநாள் மஹதியின் வலது கையில் கோடாலித் தைலம் மணக்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்று அவள் அழுவாள்.

"என்னைச் சுடாதீங்க" என்று கடைசி வாரத்தில் அன்னபாக்கியம் சொன்னாள். "தனியாவும் அனுப்பாதீங்கடி."

அவர்கள் வகையில் புதைப்பதுதான் வழக்கம். இடம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. குன்றின்மேல் நூற்றிருபது வருஷத்துப் பழைய கல்லறை ஒன்று இருந்தது. கோர்ஸ் ஹில் என்று பெயர். கப்பலில் வந்து அந்தப் புல்வெளியை உழுத முதல் குடும்பங்கள் தங்களுக்காக வேலி போட்டுக்கொண்ட மூலை. அதைப் பார்த்துக்கொண்ட கமிட்டி, கேட்டவுடன் இடம் கொடுத்தது. பதிலுக்கு மிசஸ் கோட்ஸ் ஒன்றுதான் கேட்டாள்: நூற்றிருபத்தைந்தாம் ஆண்டுக்குக் கல்லறையின் வரலாற்றைச் சிறு புத்தகமாக எழுதித் தர வேண்டும். பூங்கோதைக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். தெலுக் இந்தான் தமிழ்ப்பள்ளியில், ஊர், தேதி, விளிப்பு, செய்தி, முகவரி என்று பிரித்துக் கடிதம் எழுதப் பழகியவள். எதையும் வரிசையாகச் செய்தால்தான் அவளுக்கு மனசு அடங்கும்.

ஆனால் அவளே பதில் எழுதாத ஒரு கடிதம் ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது. தங்கை ஷாமளா தெலுக் இந்தானிலிருந்து போட்டது. இறந்துபோன அண்ணனின் மகள் மாலினி அவளிடம்தான் வளர்கிறாள். ஒன்பது வயது. நன்றாகப் படிக்கிறாள், நீ கூப்பிட்டுக்கொள் அக்கா, நீ கூப்பிட்டுக்கொள் என்று ஷாமளா எழுதிக்கொண்டேயிருந்தாள். விசா, மார்ட்கேஜ் என்று பூங்கோதை தள்ளிப்போட்டாள். ஊரில் உள்ள அநாதைகளுக்கெல்லாம் இது சத்திரமா என்று அண்ணி அன்னபாக்கியம் கேட்டபோது கோபம் வந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. தான் சொல்லவேண்டியதை வேறொருவர் சொல்லிவிட்ட நிம்மதி.

மறுநாள் மஹதியைப் பள்ளியில் விட்டுவிட்டு, தேங்காயையும் தோட்டத்து மண் கிளறும் ஒரு கைக்கரண்டியையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு குன்றேறினாள். மழை விட்டிருந்தது. முழங்கால்வரை ஈரப்புல். வேலி நெடுக கோர்ஸ் புதர், முள்ளுக்கு நடுவே மஞ்சள் மஞ்சளாய்ப் பூ. அந்தப் பூவுக்குத் துருவிய தேங்காயின் வாசனை என்பது அவளுக்கு இதற்குமுன் தெரியாது. அடக்கத்தன்று தைலமும் சாம்பிராணியும்தான் மூக்கில் இருந்தன. இப்போது காற்றே தேங்காய்ப்பால் போலக் கனமாக, இனிப்பாக, கொஞ்சம் கெட்டுப்போய் இருந்தது. சுற்றிலும் மேய்ந்த ஆடுகள் கல்லறை வேலிக்கு வெகுதூரத்திலேயே நின்றன. குட்டி போட்ட ஆடுகள் எதிர்ப்பக்கச் சரிவில், இரட்டை வேலிக்குள்.

வடக்கு மூலையிலிருந்து கற்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தாள். முதல் கல் ஒரு விவசாயியின் விதவை. அதற்கு இடது பக்கத்தில் ஒரு சின்னக் கல். தாயும் பிள்ளையும் போலும் என்று எழுதினாள். அடுத்தது ஒரு கொல்லர். அவருக்கும் இடது பக்கத்தில் ஒரு சின்னக் கல். அடுத்தது கல்யாணமே ஆகாத படகுக்காரர். அவருக்கு இடது பக்கத்தில், தம்பியின் மகள் என்று பொறித்த கல், மேலே தூங்கும் ஆட்டுக்குட்டி செதுக்கியிருந்தது. அவள் எழுதும் வேகம் குறைந்தது. பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து மொத்தக் குன்றையும் பார்த்தாள்.

பெரியது, சின்னது. பெரியது, சின்னது. வரிசை வரிசையாக, கை பிடித்துக்கொண்டு படுத்திருப்பவர்கள் மாதிரி.

தொண்டைக் காய்ச்சல், அந்தக் காலத்தில் பிள்ளைகள் நிறையச் செத்தார்கள் என்று கமிட்டியில் யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. காய்ச்சல் ஒரு வீட்டில் ஒரு பெரியவரையும் ஒரு பிள்ளையையும் மட்டும் எண்ணி எடுத்துக்கொள்ளுமா? மிசஸ் கோட்ஸின் கொள்ளுத்தாத்தாவுடையது என்று கமிட்டியில் சொல்லியிருந்த பெரிய கல்லின் இடது பக்கத்தில் இருந்த சின்னக் கல்லில் 'மேரி' என்று மட்டும் இருந்தது. யாருடைய மகள் என்றில்லை. குடும்பப் பெயர்கூட இல்லை.

கடைசி வரிசையில் அன்னபாக்கியத்தின் மண்மேடு, இன்னும் சிவப்பு மாறாமல். அதற்கு இடது பக்கத்தில், அடக்கத்தன்று சமமாக இருந்த இடத்தில், மண் லேசாக உள்வாங்கியிருந்தது. புல் படுத்திருந்தது. நீளம் ஒரு பிள்ளையின் படுக்கை அளவு.

மழைக்கு இறங்கியிருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே மண்டியிட்டு அந்தப் பள்ளத்தில் குழி தோண்டினாள். தேங்காயை வைத்து மூடி, மண்ணைத் தட்டினாள். "அண்ணி, இதோட போயிடுங்க. பிள்ளைய விட்ருங்க" என்றாள். திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

அன்று மாலை, இருட்டு கட்டும் நேரத்தில், மஹதி கண்ணாடிக் கதவோரம் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். அவள் பேச்சு எப்போதும் ஆங்கிலம்தான். இன்று தமிழ். தடுக்கித் தடுக்கி, யாரோ சொல்லிக்கொடுப்பதைத் திருப்பிச் சொல்வது போல.

"அம்மா, தேங்காய் பேசாதாம்" என்றாள். "அதுக்கு கை இல்லயாம். அத்தை திருப்பிக் குடுத்துட்டாங்க."

பிரம்பு நாற்காலியின் இருக்கையில் தேங்காய் இருந்தது. குங்குமம் கரைந்து, குடுமியில் சிவப்புக் களிமண் அப்பி, ஈரமாக. நாற்காலியிலிருந்து கதவுவரை ஒரு சுவடும் இல்லை. கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது.

பண்ணை நாய் ஏதாவது கொண்டுவந்திருக்கும் என்றான் நரேந்திரன். நாய் பூட்டிய கதவைத் திறக்குமா என்று அவள் கேட்டாள். அவன் தேங்காயை எடுத்துக்கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். மறுபடியும் கழுவினான்.

அதற்குப்பின் மஹதியின் வலது கை சூடேறவே இல்லை. ஹீட்டர் முன்னால் உட்காரவைத்துத் தேய்த்தாலும், வெந்நீர்ப் பையைக் கட்டினாலும், முழங்கைவரை மீன்கடைப் பனிக்கட்டியில் கிடந்தது போலச் சில்லென்றிருந்தது. தைல வாடை அடித்தது. அன்னபாக்கியத்தின் தைலக் குப்பிகளைப் பூங்கோதை என்றைக்கோ வெளியே எறிந்துவிட்டிருந்தாள். டாக்டர் நரம்பைப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், குளிர்காலத்தில் சில பிள்ளைகளுக்கு இப்படி இருக்கும் என்றார். மஹதி சாப்பிடுவதை நிறுத்தினாள். தட்டை வைத்தால் வலப்பக்கம் திரும்பி, அனுமதி கேட்பது போலப் பார்ப்பாள். பிறகு தட்டைத் தள்ளுவாள்.

சீக்கிரமே படுக்கவைத்தால் மல்லாந்து, ஆடாமல் தூங்கினாள். வலது கை மட்டும் போர்வைக்கு வெளியே. விரல்கள் மூடி. எதையோ சுற்றி மூடி. நடுவில் இன்னொரு கை நுழையும் அளவு இடைவெளி.

பூங்கோதை அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை. கட்டிலின் இடப்புறம் உட்கார்ந்து குழந்தையின் இடது கையைப் பற்றிக்கொண்டாள். மெல்லத் தன் பக்கம் இழுத்தாள்.

மறுபக்கம் இழுத்தது.

லேசாகத்தான். பிடிவாதமான ஒருவர், பொறுமையாக, விடமாட்டேன் என்று சொல்வது போல. மஹதி தூக்கத்திலேயே முனகினாள். பூங்கோதை விட்டுவிட்டாள். விடாவிட்டால் பிள்ளை கிழிந்துவிடும் என்று தோன்றியது.

கூடத்திலிருந்து ஒரு சத்தம். டொக்.

காத்திருந்தது.

டொக்.

விடிந்ததும் குன்றுக்கு ஓடினாள். பள்ளம் ஆழமாகியிருந்தது. விளிம்பு மண்வெட்டியால் செதுக்கியது போல நேராக, நான்கு மூலையும் சுத்தமாக. வெட்டியெடுத்த மண் எங்கேயும் குவிந்திருக்கவில்லை. அடியில் கொஞ்சம் தண்ணீர். தண்ணீரில் மஞ்சள் பூக்கள்.

அங்கிருந்து நேராக மிசஸ் கோட்ஸின் பண்ணை வீட்டுக்குப் போனாள். கிழவி ஆச்சரியப்படவில்லை. சேறு படிந்த காலணியைக் கழற்றச் சொன்னாள், அடுப்பின் பக்கத்தில் உட்காரவைத்தாள், டீ போட்டாள், பிஸ்கட் டின்னைத் திறந்து நீட்டினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க ஊர்ல சனிக்கிழமை மட்டும்தானா?" என்று கேட்டாள். "அதிர்ஷ்டசாலிங்க."

கோர்ஸ் ஹில்லில் எல்லா நாளும் அப்படித்தானாம். குன்று எப்போதும் இரண்டாகத்தான் எடுக்குமாம். முதல் விதவையைப் புதைத்த நாளிலிருந்து. இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான். வீட்டில் பிள்ளை இருப்பவர்கள் பெரியவர்களை டவுன் கல்லறைக்குக் கொண்டுபோகத் தொடங்கினார்கள். பிறகு எல்லாருமே. தன் கணவரைக்கூட அங்கேதான் புதைத்ததாக அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

அப்படியானால் எங்களுக்கு ஏன் கொடுத்தீர்கள் என்று பூங்கோதை கேட்டாள்.

"நீங்க கேட்டீங்க, டியர்." கிழவி பிஸ்கட்டை டீயில் நனைத்தாள். பத்திரத்தில் ஒரு நிபந்தனை உண்டாம். முப்பது வருஷம் யாரையும் புதைக்காமல் விட்டால் நிலம் கமிட்டியின் கையைவிட்டுப் போய்விடும். வீடு கட்டுகிறவர்கள் இப்போதே வேலியோரம் வந்து நிற்கிறார்கள். அடுத்த வருஷத்தோடு முப்பது முடிகிறது. "தாத்தா பாட்டி மேல புல்டோசர் ஓட விட முடியுமா? அதுவுமில்லாம, நீங்க வேற சாமி கும்பிடுறவங்க. உங்களுக்கு இது பொருந்தாதுன்னு நெனச்சோம்."

பூங்கோதை கோப்பையைக் கீழே வைத்தாள். எழுந்து போகவேண்டும் என்று நினைத்தாள். எழவில்லை. அந்த மேரி யார் என்று கேட்டாள்.

கிழவி முதன்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். புத்திசாலிப் பெண் என்பது போல ஒரு பார்வை. மேரி கப்பலில் வந்த அநாதையாம். கிழவியின் கொள்ளுத்தாத்தாவைப் புதைத்தபின், அப்போது நான்கு வயதுப் பையனாக இருந்த அவள் அப்பாவின் கை சில்லிடத் தொடங்கியதாம். டவுனில் இருந்த அநாதை விடுதிக்கு, வீட்டு வேலைக்கு ஒரு பெண் வேண்டும் என்று பாட்டி எழுதிப்போட்டாளாம்.

"வீட்டு மேசையில சாப்பிட்டு, வீட்டுப் படுக்கையில தூங்கினா போதும். யார் பெத்ததுன்னு குன்று கேட்காது. லெட்டர் போன அன்னிக்கே அப்பா கையை விட்டுடுச்சு. வாக்கு குடுத்தாச்சுன்னா, அது பொறுமையாக் காத்திருக்கும். அந்த விஷயத்துல அது ரொம்ப மரியாதை."

கிழவி தன் இரு கையையும் விரித்துக்காட்டினாள். பார், அதனால்தான் நான் இருக்கிறேன் என்பது போல.

அதை நரேந்திரனிடம் சொல்லக்கூடாது என்று தீர்மானித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். மாலையில் அவன் வந்து சட்டையைக்கூட மாற்றாமல் மஹதியின் பக்கத்தில் உட்கார்ந்தான். குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. கை தோள்வரை மரத்திருந்தது. "அப்பா, ரொம்ப இழுக்கிறாங்க" என்றாள். அவ்வளவு சின்னக் குரலில். அவன் பிரம்பு நாற்காலியைப் பார்த்தான். நாற்காலியிடம், தாழ்ந்த குரலில், "கொஞ்சம் பொறு அக்கா" என்றான்.

பூங்கோதை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மேரியையும். சொல்லும்போதே, அவன் கத்துவான், காறித் துப்புவான், உனக்குப் பைத்தியமா என்று கேட்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் அப்படிக் கேட்கவேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

அவன் எழுந்தான். சமையலறைக்குப் போனான். ஃப்ரிட்ஜ் மேல் கையை விட்டு ஷாமளாவின் கடிதத்தை எடுத்தான். தூசு தட்டினான். ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான்.

"நீயே எழுது, கோதை. உன் கையெழுத்துன்னாதான் நம்புவாங்க."

மாலினியை அவள் கடைசியாகப் பார்த்தது சுபாங் விமான நிலையத்தில். மெலிந்த பெண், இரட்டைப் பின்னல், ஒரு பின்னலில் ரிப்பன் இல்லை. 'என்னையும் கூட்டிட்டுப் போங்க அத்தை' என்று கேட்டுவிட்டு, கேட்டது தப்போ என்று ஷாமளாவின் பின்னால் ஒளிந்துகொண்டவள்.

டொக்.

பூங்கோதை பேனாவை எடுத்தாள். வலது மேல்மூலையில் ஊரும் தேதியும். கீழே விளிப்பு.

'அன்புள்ள தங்கை ஷாமளாவுக்கு அக்கா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கு உன் நலமும் மாலினியின் நலமும் அறிய ஆவல். உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாததற்கு மன்னிக்கவும். அண்ணி காலமானதால் அவர் இருந்த அறை காலியாக உள்ளது. மாலினியை உடனே அனுப்பிவை. விசாவுக்கு வேண்டியதை உன் அத்தான் பார்த்துக்கொள்வார். பள்ளிக்கூடம் வீட்டுக்குப் பக்கத்தில்தான். சுற்றிலும் பசும்புல், நல்ல காற்று. பிள்ளையைச் சொந்த மகள் போல் வைத்துக்கொள்வோம்.'

எழுத்து ஒரு இடத்திலும் கோணவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது. படுக்கையறையில் மஹதி முனகுவது குறைந்துகொண்டு வந்தது. அவள் எழுத எழுதக் குறைந்தது. பேனாவை நிறுத்தினாள். முனகல் தொடங்கியது. மறுபடி எழுதினாள். நின்றது.

'மாலினிக்குக் குளிர் ஆடை எதுவும் வாங்க வேண்டாம். இங்கே பார்த்துக்கொள்ளலாம்.'

தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தாள். நாக்கு வறண்டிருந்தது. உறையின் விளிம்பை உதட்டில் வைத்து இழுத்தபோது, பசை இனிக்கவில்லை. கசந்தது. காரமாய், சில்லென்று, தொண்டைவரை இறங்கியது.

கோடாலித் தைலம்.

அழுத்தி ஒட்டினாள்.

டெய்ரி என்று அந்த ஊரில் சொல்லும் சின்ன மளிகைக்கடை வாசலில் தபால் பெட்டி இருந்தது. நரேந்திரன் வரவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். மஹதியை அவனிடம் விட்டுப்போக அவளுக்கு மனமில்லை. போர்வையோடு தூக்கிக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டாள். மஹதி இடது ஜன்னல் ஓரம். வலது கை பக்கத்து சீட்டை நோக்கி நீண்டிருந்தது. விரல்கள் மூடியிருந்தன.

மழை பிடித்துக்கொண்டது. கடை மூடியிருந்தது. ஒரே ஒரு விளக்கு. எஞ்சினை அணைக்காமல் இறங்கினாள். உறையைப் பெட்டியின் வாயில் வைத்தாள். பாதி உள்ளே, பாதி வெளியே. இப்போதுகூட இழுத்துவிடலாம். கிழித்துவிடலாம். இரட்டைப் பின்னல். ஒரு ரிப்பன்.

திரும்பிப் பார்த்தாள்.

கார் உள்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மஹதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து சீட் காலி. அந்தச் சீட்டின் பெல்ட் மாட்டியிருந்தது. அவள் மாட்டவில்லை. பெல்ட் தளர்ந்து கிடக்கவில்லை. ஒரு பெரிய உடம்பின் மார்பைச் சுற்றி, முன்னால் புடைத்து, விறைப்பாக நின்றது. மெல்ல ஏறி இறங்கியது.

பூங்கோதை விரலைத் திறந்தாள்.

கடிதம் உள்ளே விழும் சத்தம் கேட்டது. மஹதியின் வலது கை தொப்பென்று மடியில் விழுந்தது. குழந்தை கையைத் தூக்கிப் பார்த்தது. விரல்களை அசைத்தது. அம்மாவைப் பார்த்துச் சிரித்தது.

ஜன்னல் கண்ணாடியில், உள்பக்கமிருந்து, மோதிரத்தால் ஒரே ஒரு தட்டு.